மரமே உதிர்க்கிறது: வாசகர் கேள்வி – பதில்

கோடை தொடங்கியதிலிருந்து சேலம் மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் மாம்பிஞ்சு, முருங்கை இலை, காப்பிப் பூ, தக்காளிக் காம்பு என்று கேட்கப்பட்ட பொருள்கள் வேறுவேறாக இருந்தாலும், ஏறத்தாழ எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. செடியிலிருந்து ஓர் உறுப்பு ஏன் விழுகிறது, அதை விழச் செய்வது எது என்பதே அந்த விஷயம். ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தோப்பில் மல்கோவா, இமாம்பசந்த், குண்டு மாமரங்கள் உள்ளன. இந்த ஆண்டு பூ நன்றாகப் பிடித்தது. ஆனால் பட்டாணி அளவுக்கு வந்ததும் பிஞ்சுகள் கொட்டத் தொடங்கிவிட்டன. மரத்துக்குச் சத்துப் போதவில்லை என்கிறார் ஒருவர். ஊக்கி மருந்து அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
— மா விவசாயி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: பிஞ்சு உதிர்வதில் பெரும்பகுதி மரம் தானாகச் செய்கிற வேலை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கிலும் சில சமயம் ஆயிரக்கணக்கிலும் பூக்கள் மலர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய் பிடிக்கக்கூடிய இருபால் பூக்களிலும் நூற்றுக்கு ஒன்றுகூட முற்றிய காயாகும்வரை நிற்பதில்லை. நல்ல பராமரிப்புள்ள தோப்பிலும் இப்படித்தான் நடக்கும். தாங்க முடிந்த அளவுக்குக் காயை வைத்துக்கொண்டு மற்றவற்றை மரம் கழித்துவிடுகிறது.

கழிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பிஞ்சின் காம்பில் குறிப்பிட்ட ஓர் இடத்தில், ஒரு சில அடுக்குகளே உள்ள, சுற்றியுள்ளவற்றைவிடச் சிறிய செல்களாலான மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. இதற்கு உதிர்வு மண்டலம் என்று பெயர். பிஞ்சுக்குள் வளரும் விதை ஆக்சின் என்னும் ஹார்மோனைச் சுரந்து காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பட்டை அசையாது. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமலோ, கரு இடையில் இறந்துபோயோ, தண்ணீர்த் தட்டுப்பாட்டாலோ, பக்கத்துப் பிஞ்சு மாவுச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்வதாலோ ஆக்சின் வரத்து குறைந்தால், உதிர்வு மண்டலத்தின் செல்கள், செடியே சுரக்கும் எத்திலீன் என்னும் வாயுவுக்கு இணங்கத் தொடங்குகின்றன. அதன் பிறகு அவை செல்லுலேஸ், பாலிகேலக்டுரோனேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து, செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தைப் போலச் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் அடுக்கைக் கரைத்துவிடும். பிஞ்சின் எடையோ இலேசான காற்றோ மிச்சத்தை முடித்துவிடும்.

காலையில் தோப்புக்குப் போய் விழுந்து கிடக்கும் பிஞ்சுகளில் ஒரு கைப்பிடி எடுத்துக் காம்பு முனையைப் பாருங்கள். முனை வட்டமாக, வழவழப்பாக, நார் எதுவும் துருத்தாமல் இருந்தால் அதை மரமே உதிர்த்திருக்கிறது. நார் கிழிந்து, காம்பு ஒரு பக்கமாகப் பிய்ந்திருந்தால் காற்றோ கிளியோ காரணம். பிறகு அதே பிஞ்சைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே விதை சுருங்கிப் பழுப்பேறியிருந்தால் கரு இறந்த பிறகே மரம் அதைக் கைவிட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பிஞ்சை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. அடுத்த ஆண்டு பூக்கும் காலத்தில் ஈக்களையும் தேனீக்களையும் விரட்டுகிற பூச்சிக்கொல்லித் தெளிப்பைத் தவிர்ப்பதுதான் வழி. விதை வெள்ளையாகவும் திடமாகவும் இருந்தும் பிஞ்சு சுத்தமாக உதிர்ந்திருந்தால், அங்கேதான் ஊக்கிக்கு வேலை இருக்கிறது. காம்பில் கருந்திட்டுகளோ, இலைகளில் தத்துப்பூச்சியின் பிசுபிசுப்போ தென்பட்டால் முதலில் அவற்றைக் கவனியுங்கள்.

ஊக்கி என்று கடைகளில் கிடைக்கும் நாப்தலின் அசிட்டிக் அமிலம் செயற்கை ஆக்சின். மாமரத்துக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 20 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 20 பங்கு. 4.5 சதவீதக் கரைசலாக விற்கப்படும் மருந்தில் 1 மில்லியை 4.5 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 பி.பி.எம். கிடைக்கும், 2 மில்லி கலந்தால் 20 பி.பி.எம். இதில் இரண்டு எச்சரிக்கைகளை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அளவு கூடினால் செடி அதற்குப் பதிலாக எத்திலீனைக் கூடுதலாகச் சுரக்கும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் குறைப்பதற்கென்றே இதே மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். காலம் தவறினாலும் இதே விளைவுதான். உதிர்வு மண்டலம் விழித்துக்கொண்ட பிறகு கொடுக்கப்படும் ஆக்சின் உதிர்வைத் தடுக்காது, விரைவுபடுத்தவும் செய்யும் என்பது 1960களிலேயே அவரைச் செடியின் இலைக்காம்பில் காட்டப்பட்டுவிட்டது. ஆகவே கொட்டத் தொடங்கிப் பல நாள் ஆன பிறகு பதறிப்போய் இரட்டிப்பு அளவில் அடிப்பது பணத்தையும் பிஞ்சையும் சேர்த்து இழக்கும் வழி.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் காற்றில் முறிந்து தொங்கும் கிளைகளில் இலைகள் காய்ந்து சருகாகியும் விழாமல் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதே மரத்தின் உயிருள்ள கிளைகள் மாசி, பங்குனியில் மொட்டையாகிவிடுகின்றன. உயிரற்ற இலை அல்லவா முதலில் விழ வேண்டும்?
— பள்ளி ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: தங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. உதிர்தல் உயிருள்ள செல்களின் வேலை. நொதியைச் சுரக்க வேண்டும். அந்த நொதியைச் செல்லுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பிரிந்த இடத்தில் புண்ணை மூட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஆற்றல் தேவை. முறிந்த கிளையில் உதிர்வு மண்டலத்தின் செல்கள் இலையோடு சேர்ந்தே காய்ந்து மடிந்துவிடுவதால், வெட்டுகிற வேலையைச் செய்ய ஆள் இல்லை. சருகு அப்படியே நின்றுவிடுகிறது.

அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளின் கீழ்ப்பகுதியில் உள்ளது வறண்ட இலையுதிர் காடு. அங்குள்ள உயிருள்ள மரங்கள் கோடையின் நீர் இழப்பைத் தவிர்க்க இலைகளைக் கழிக்கின்றன. கழிப்பதற்கு முன்பு இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் ஏறத்தாழப் பாதியைக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இலை பழுத்து நிறம் மாறுவது இந்த மீட்பு நடக்கும்போதுதான்.

கேள்வி: முருங்கைக் கீரையை ஒவ்வொன்றாக ஆய்வதற்குச் சோம்பல்பட்டு, இரவில் கொத்தோடு துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுவோம். காலையில் பிரித்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். என் மாமியார் காலத்துப் பழக்கம் இது. காரணம் என்ன?
— இல்லத்தரசி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: மிக அருமையான சோதனையைத் தலைமுறைகளாகச் செய்து வருகிறீர்கள். முருங்கையின் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஓர் உதிர்வு மண்டலம் உண்டு. கொத்தை மரத்திலிருந்து ஒடித்ததுமே அந்த இலைகள் இறந்துவிடுவதில்லை. பல மணி நேரம் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன. காயம்பட்ட தாவரத் திசு எத்திலீனைக் கூடுதலாக வெளியிடும். திறந்த வெளியில் அது காற்றோடு போய்விடும். இறுகச் சுற்றிய துணிக்குள் தேங்கும். ஈரமும் இலேசான சூடும் உள்ளேயே நிற்பதால் இலை வாடி மடியாமல், உதிர்வு மண்டலத்தின் செல்கள் தம் வேலையை முடிக்க அவகாசம் கிடைக்கிறது. காலையில் நீங்கள் உதறும்போது கையில் நிற்கும் ஈர்க்கை வெளிச்சத்தில் பாருங்கள். சிற்றிலை இருந்த ஒவ்வோர் இடத்திலும் கிழிசலே இல்லாத சிறு வட்டத் தழும்பு தெரியும். கையால் உருவிய ஈர்க்கில் அப்படி இருக்காது, தோல் உரிந்திருக்கும்.

எத்திலீனை முதலில் அடையாளம் காட்டியதும் இதே போன்ற ஒரு கவனிப்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கு எரிவாயு கொண்டுசென்ற குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் காலமல்லாத காலத்தில் இலை உதிர்த்தன. அந்த வாயுக் கலவையில் செடியைப் பாதிக்கும் பொருள் எத்திலீன்தான் என்று ரஷ்ய அறிஞர் நெல்யூபோவ் 1901இல் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு நிறுவினார்.

கேள்வி: நான் தாவரவியல் படிக்கிறேன். ஆக்சின் குறைந்து எத்திலீன் கூடினால் உதிரும் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் உதிர்தலை மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். எந்த மரபணு, எப்படி என்று விளக்க வேண்டுகிறேன்.
— கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் கடந்த கால் நூற்றாண்டில் தாவரவியல் கண்ட தெளிவான வெற்றிகளில் இது ஒன்று.

1933இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிஷ் லைபாக், இலைப்பரப்பை வெட்டி நீக்கிய கோலியஸ் செடியின் காம்புகளில் ஆர்க்கிட் மகரந்தத் திரளை வைத்தபோது, உடனே விழ வேண்டிய காம்பு விழாமல் நிற்பதைக் கண்டார். மகரந்தத்தில் இருந்த ஆக்சின் இலை செய்துவந்த வேலையைச் செய்தது. அதே லைபாக்தான் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியை மரபியல் ஆய்வுக்கு உகந்தது என்று 1943இல் பரிந்துரைத்தவர். உதிர்தலின் மரபணுக்கள் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தச் செடியிலேயே என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

அரபிடாப்சிஸ் பூவில் மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத்தாள் ஆகிய மூன்றும் சில நாளில் உதிர்ந்துவிடும். காய் மட்டும் நிற்கும். விதைகளில் மரபணு மாற்றங்களை உண்டாக்கி வளர்த்த ஆயிரக்கணக்கான செடிகளில், இதழ் வாடியும் உதிராத செடியைத் தேடுவதுதான் ஆய்வாளர்களின் முறை. அத்தகைய செடியில் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று கண்டால், நல்ல செடியில் அந்த மரபணு என்ன செய்கிறது என்பது விளங்கும்.

இப்படித் தேடியதில் உதிர்தலுக்கு நான்கு கட்டங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. உதிர்வு மண்டலம் உருவாதல், அது சமிக்ஞைக்கு இணங்கும் தகுதியைப் பெறுதல், பிரியும் வேலை நடத்தல், பிரிந்த முகத்தில் காப்புத்தோல் வளர்தல் என்பவையே அவை. முதல் கட்டத்துக்கு ‘பிளேட் ஆன் பெட்டியோல்’ 1, 2 என்ற இரண்டு மரபணுக்கள் தேவை. இரண்டும் பழுதான செடியில் உதிர்வு மண்டலமே தோன்றுவதில்லை. ஆகவே எந்த ஹார்மோன் கொடுத்தாலும் இதழ் விழாது.

எத்திலீனை உணர முடியாத மரபணு மாற்றம் கொண்ட செடிகளைப் பார்த்தபோதுதான் உங்கள் பாடத்தில் இல்லாத செய்தி வெளிப்பட்டது. அவற்றில் உதிர்தல் தாமதமாயிற்று, ஆனால் நின்றுவிடவில்லை. அப்படியானால் எத்திலீன் வேகப்படுத்தும் கருவிதான். கடைசி ஆணை வேறெங்கோ இருந்து வர வேண்டும். அந்த ஆணையை 2003இல் நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஐ.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மரபணு பழுதான செடியில் இதழ்கள் காய்ந்து சுருண்டும், காய் முற்றியும், உதிராமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஐ.டி.ஏ. உருவாக்குவது சிறியதொரு புரதம். அது செல்லுக்கு வெளியே வெட்டிச் செப்பனிடப்பட்டு, 14 அமினோ அமிலங்களே கொண்ட பெப்டைடாக, அதாவது சிறு புரதத் துண்டாக, மாறுகிறது. அதைப் பெற்றுக்கொள்வதற்கு உதிர்வு மண்டலச் செல்களின் சவ்வில் ஹேசா, ஹேசா போன்ற 2 என்னும் இரண்டு ஏற்பிகள் நிற்கின்றன. இவ்விரண்டில் ஒன்று கெட்டாலும் மற்றொன்று சமாளித்துவிடும். இரண்டும் கெட்டால் ஐ.டி.ஏ. எவ்வளவு சுரந்தாலும் பயனில்லை என்று 2008இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 2016இல் ஏற்பியின் படிக அமைப்பையே படம்பிடித்தபோது, பெப்டைடு ஏற்பியின் பள்ளத்தில் பொருந்தியதும், செர்க் என்ற துணை ஏற்பி வந்து மறுபக்கத்திலிருந்து பெப்டைடைப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. மூன்றும் சேர்ந்த பிறகே செய்தி செல்லுக்குள் போகிறது.

உள்ளே போன செய்தி கைனேஸ் எனப்படும் நொதிகளின் தொடர் வழியாக, ஒன்று அடுத்ததன் மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிட, உட்கருவை எட்டுகிறது. அங்கே க்நாட்-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அதுவரை ஒரு தடையாக நின்று, உதிர்வைத் தூண்டும் க்நாட்-2, க்நாட்-6 ஆகியவற்றை அடக்கி வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் தடை விலகுகிறது; சுவரைக் கரைக்கும் நொதிகளின் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இதே கைனேஸ் தொடர் ஹேசா மரபணுவின் மேலிருந்த மற்றொரு தடையையும் நீக்கிவிடுவதால் ஏற்பிகள் மேலும் பெருகி, ஆணை மேலும் வலுக்கிறது. தொடங்கிவிட்ட உதிர்வைப் பாதியில் நிறுத்துவது கடினம் என்பதற்குக் காரணம் இந்தச் சுழற்சி. மா விவசாயிக்கு மேலே சொன்ன கால எச்சரிக்கையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஆணை மட்டும் போதாது, அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் வேண்டும். ‘நெவர்ஷெட்’ என்று பெயரிடப்பட்ட மரபணு செல்லுக்குள் நடக்கும் பொதிப் போக்குவரத்தைச் சீராக வைத்திருப்பது. அது பழுதானால் உதிர்வு மண்டலம் இருந்தும் இதழ்கள் உதிர்வதில்லை.

சுவரைக் கரைக்கும் நொதி பரவி நல்ல செல்களையும் அழித்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். 2018இல் கொரிய ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். பிரியும் கோட்டின் இரு பக்கத்திலும் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. விழப்போகிற பக்கத்திலுள்ள செல்கள் தம்மைச் சுற்றி அறுகோணத் தேன்கூட்டு வடிவில், மரக்கட்டைக்கு உறுதி தரும் பொருளான லிக்னினைப் படியவைத்து, நொதி ஒற்றைக் கோட்டுக்கு வெளியே போகாதபடி அணை கட்டுகின்றன. தங்கப்போகிற பக்கத்திலுள்ள செல்கள், தாம் வெளிக்காற்றைச் சந்திக்கும் நேரத்துக்குள், புதிதாக ஒரு மெழுகுத் தோலைப் போர்த்துக்கொள்கின்றன. ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டம் எதிலும் உதிர்ந்த பூவின் அடியை நல்ல உருப்பெருக்கியில் பார்த்தால் வழவழப்பான அந்த முகம் தெரியும்.

இன்னொரு செய்தியையும் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவேர் தாய்வேரைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போது, மேலுள்ள செல்கள் விலகி வழிவிட வேண்டும், அங்கேயும் ஐ.டி.ஏ. – ஹேசா இணைதான் வேலை செய்கிறது. எலுமிச்சை இனம், லிச்சி, எண்ணெய்ப்பனை ஆகியவற்றிலும் ஐ.டி.ஏ.யை ஒத்த மரபணுக்கள் காணப்பட்டிருக்கின்றன.

கேள்வி: ரோஜா இதழ் இதழாக உதிர்கிறது. எங்கள் வயலில் அரளி முழுப் பூவாகக் கழன்று விழுகிறது. ஏன் இந்த வேறுபாடு?
— அரளி விவசாயி, பனமரத்துப்பட்டி

பதில்: உதிர்வு மண்டலம் அமைந்திருக்கும் இடம் வேறு. ரோஜாவில் இதழ்கள் தனித்தனியே முளைப்பதால் ஒவ்வோர் இதழின் அடியிலும் தனி மண்டலம் உண்டு. அரளியில் இதழ்கள் அடியில் ஒன்றாகிக் குழலாகிவிடுவதால் குழல் முழுவதற்கும் ஒரே மண்டலம். எங்கே மண்டலம் அமைய வேண்டும் என்பதைப் பூ மொட்டாக இருக்கும்போதே மரபணுக்கள் தீர்மானித்துவிடுகின்றன. நீங்கள் அரளியை மொட்டாகவே பறித்துச் சந்தைக்கு அனுப்புவதும் இந்த வகையில் சரியான வழக்கம். மலர்ந்த பிறகு குழல் கழலும் நேரம் வெகுவாக நெருங்கிவிடும்.

கேள்வி: பூ மழை பெய்ததும் எங்கள் அராபிகா தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்தது. மூன்று நான்கு நாளில் அத்தனையும் தரையில். விளைச்சல் போய்விட்டதா? மழைக்காலத்தில் துரு நோய் வந்த இலைகளும் இதே போலக் கொட்டுகின்றன. இரண்டும் ஒன்றா?
— காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: முதல் கவலை வேண்டாம். தரையில் கிடக்கும் காப்பிப் பூ ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள். ஐந்து இதழ்கள் சேர்ந்த வெள்ளைக் குழலும், அதன் உட்புறத்தில் ஒட்டிய ஐந்து மகரந்தத்தாள்களும் மட்டுமே இருக்கும். சூலகம் அதில் இல்லை. அது கிளையில் சிறு பச்சை மொட்டாக நிற்கிறது. அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. ஆகவே குழல் விழும் நேரத்தில் அதன் பணி முடிந்திருக்கும். பின்மழை தவறினால் பிஞ்சு நிற்குமா என்பதுதான் தாங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்.

துரு நோயில் கொட்டும் இலை வேறு வகை. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தெரியும் அந்தப் பூஞ்சை இலையைத் தின்னத் தொடங்கியதும், செடி அந்த இலையைக் காலத்துக்கு முன்பே கழிக்கிறது. அரபிடாப்சிஸ் செடியில் பாக்டீரியா தாக்கிய தண்டு இலைகள் ஐ.டி.ஏ. – ஹேசா வழியாகவே உதிர்க்கப்படுகின்றன என்றும், நோய் எதிர்ப்புக்குரிய சாலிசிலிக் அமிலம் அதற்குத் தேவை என்றும் 2017இல் காட்டப்பட்டது. நோயுற்ற இலையைத் தள்ளிவிடுவது செடிக்கு ஒரு தற்காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்பித் துருவில் இலை விழும் முன்பே வித்துகள் காற்றிலும் மழைத்துளியிலும் பரவிவிடுவதால், அந்தத் தற்காப்பு தோட்டக்காரருக்குப் பெரிதும் உதவுவதில்லை. இலை இழந்த கிளையில் அடுத்த ஆண்டுக் காயும் குறைகிறது. இங்கே உதிர்வைத் தடுக்க நினைப்பது பயனற்றது; நோயைத் தடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு 0.5 சதவீதப் போர்டோ கலவையை இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். நிழல் மரங்களைக் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுங்கள். மறுநடவு செய்வதாக இருந்தால் சந்திரகிரி போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களைப் பாருங்கள்.

கேள்வி: காட்டுப் புற்களின் கதிரைத் தொட்டாலே விதை கொட்டிவிடுகிறது. சோளமும் நெல்லும் மட்டும் அடித்தால்தான் உதிர்கின்றன. இது இயற்கையா, மனிதர் செய்ததா?
— விவசாயி, ஓமலூர்

பதில்: மனிதர் அறியாமலே செய்தது. காட்டுச் செடிக்கு விதை கொட்டினால்தான் வாழ்வு. மணியின் அடியில் உதிர்வு மண்டலம் அதற்காகவே இருக்கிறது. அரிவாளால் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த முன்னோர் கையில் சேர்ந்தவை பெரும்பாலும் கொட்டாத மணிகளே. அவற்றையே அடுத்த பருவத்துக்கு விதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்ததில், உதிர்வு மண்டலத்தைப் பழுதாக்கிய அரிதான மரபணு மாற்றங்கள் வயல் முழுவதும் பரவின.

நெல்லில் அந்த மாற்றங்களில் இரண்டு 2006இல் கண்டறியப்பட்டன. எஸ்.எச்.4 என்ற மரபணுவின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் உதிர்வு மண்டலம் அரைகுறையாக உருவாயிற்று. கியூ.எஸ்.எச்.1 என்ற மற்றொன்றில், மரபணுவிலிருந்து 12 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளியிருந்த ஒரே ஓர் எழுத்து மாறியதால், அந்த மரபணு மணியின் அடியில் மட்டும் இயங்காமல் போயிற்று. ஜப்பானிய நெல் ரகங்கள் நம்முடையவற்றைவிடக் கடினமாக உதிர்வதற்கு இது ஒரு காரணம். சோளத்தின் கதை இன்னும் வியப்பானது. 2012இல் வெளியான ஆய்வின்படி, எஸ்.எச்.1 என்ற ஒரே மரபணு மூன்று வெவ்வேறு விதமாகப் பழுதான சோளங்கள் இருக்கின்றன. அதாவது வெவ்வேறு உழவர்கள் தனித்தனியே அதே பண்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நெல்லில் மண்டலம் முழுவதுமாகப் போய்விடவில்லை, அரைகுறையாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முழுவதும் போயிருந்தால் களத்தில் அடித்துப் பிரிப்பது பெரும்பாடாக இருந்திருக்கும். அறுவடையைத் தள்ளிப்போட்டால் வயலிலேயே மணி கொட்டுவதும் மிச்சமிருக்கும் அந்த மண்டலத்தால்தான்.

கேள்வி: தக்காளியைப் பெட்டியில் அடுக்கினால் ஒன்றின் காம்பு மற்றொன்றைக் குத்திச் சேதமாக்குகிறது. காம்பில்லாமல் கழன்றுவரும் ரகம் உண்டா?
— காய்கறி வியாபாரி, தலைவாசல்

பதில்: உண்டு. தக்காளிக் காம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் முட்டி போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் உதிர்வு மண்டலம். பறிக்கும்போது காம்பு அங்கே ஒடிகிறது, பாதிக் காம்பும் புல்லி இதழும் பழத்தோடு வந்துவிடுகின்றன. முட்டியே இல்லாத செடியை ‘ஜாயின்ட்லெஸ்’ என்கிறார்கள். அதற்குக் காரணமான மரபணு 2000இல் அடையாளம் காணப்பட்டது. அதைவிட அதிகமாகப் பயன்பட்டது ஜாயின்ட்லெஸ்-2. கலாபகோஸ் தீவுகளின் காட்டுத் தக்காளியில் சார்லஸ் ரிக் என்ற அமெரிக்க அறிஞர் 1950களில் கண்ட பண்பு அது. முட்டி இல்லாததால் பழத்தை இழுத்தால் காம்பு செடியிலேயே தங்கிவிடும். இயந்திரத்தால் அறுவடை செய்து ஆலைக்கு அனுப்பும் தக்காளி ரகங்கள் பலவற்றில் இந்தப் பண்பு சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அதை எந்த ரகத்தோடும் கலந்துவிட முடியாது. 2017இல் வெளிவந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது. தக்காளியை வீட்டுப்பயிராக்கிய தொடக்க காலத்திலேயே, புல்லி இதழ் பெரிதாக இருக்கும் ஒரு மரபணு மாற்றத்தை உழவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த மாற்றமும் முட்டியில்லாப் பண்பும் ஒரே செடியில் சேர்ந்தால் பூங்கொத்து அளவுமீறிக் கிளைத்து, பூ மிகுந்து, காய் குறைந்துவிடுகிறது. ஆகவே இங்கே பயிராகும் ரகம் எதனோடாவது ஜாயின்ட்லெஸ்-2ஐச் சேர்ப்பதாக இருந்தால், அந்த ரகத்தில் பழைய மாற்றம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விதை வாங்கும்போது கம்பெனிக்காரரிடம் முட்டியில்லா ரகமா என்றும், கொத்துக்கு எத்தனை காய் பிடிக்கும் என்றும் சேர்த்தே கேளுங்கள். இப்போது கையிலிருக்கும் சரக்கைப் பொறுத்தவரை, பெட்டியில் அடுக்கும் முன்பு முட்டிக்கு மேலே மிஞ்சிய காம்பைப் புல்லி இதழோடு சேர்த்துக் கிள்ளி எடுத்துவிட்டு, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள்.